ஆர்கேட் கேபினட்டின் பிக்சர் டியூபில் நிறம் கெட்டால்: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து சரிசெய்வது வரை

வீட்டில் பழைய ஆர்கேட் கேபினட் வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்ப முடியாது. திரையின் ஒரு மூலையில் ஊதா படர்ந்திருக்கும். வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் சிவப்புக் கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அல்லது படம் முழுவதுமே மஞ்சள் காமாலை பிடித்தது போல இருக்கும். உடனே பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: பின்கதவைத் திறந்து, கண்ணில் பட்ட பிரீசெட்டையெல்லாம் (படத்தைச் சரிசெய்வதற்கான சிறு திருகுகள்) திருகிப் பார்ப்பது. அரை மணி நேரத்தில் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். எது முதலில் இருந்தது, எது நாமே உண்டாக்கியது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

பிரீசெட்டுகள் தாமாகத் திரும்புவதில்லை. நேற்றுவரை சரியாக இருந்த நிறம் இன்று கெட்டிருந்தால், கெட்டது வேறொன்று. ஆகவே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்: முதலில் காந்தம், அடுத்து சிக்னல், அதன்பின் டியூபின் வாலில் சொருகியிருக்கும் நெக் போர்டு, பிறகே பிரீசெட்டுகள், கடைசியாக டியூபின் கழுத்தில் இருக்கும் காந்த வளையங்கள். முதல் இரண்டிலேயே கணிசமான கோளாறுகள் தீர்ந்துவிடும். அவற்றுக்கு மானிட்டரின் முதன்மைச் சுற்றுப் பலகையான சேசிஸைத் தொடவே தேவையில்லை.

கை வைக்கும் முன்

பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதன் அடியில்தான் அனோடு, அதாவது உயர் மின்னழுத்தம் டியூபுக்குள் நுழையும் முனை. 19 அங்குல மானிட்டரில் அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பெரிய திரைகளில் இன்னும் அதிகம். டியூபே ஒரு பெரிய கெப்பாசிட்டர் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கலாம். உண்மையில் அதைவிட அஞ்ச வேண்டியது மின்வழங்கிப் பகுதியிலுள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர். வோல்ட் குறைவுதான், ஆனால் அது தரும் மின்னோட்டம் ஆளைக் கொல்லப் போதுமானது.

அனோடிலுள்ள மின்னேற்றத்தை இறக்கும் முறை இது. பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. நல்ல இன்சுலேஷன் உள்ள நீண்ட தட்டை ஸ்க்ரூ டிரைவரின் உலோகத் தண்டில் ஒரு கிளிப் ஒயரை மாட்டி, மறுமுனையை டியூபின் பின்புறத்தைச் சுற்றி ஓடும் பின்னல் ஒயரில் பொருத்துங்கள். அந்தப் பின்னல்தான் டியூபின் வெளிப்பூச்சுக்கான எர்த். போர்டிலுள்ள ஏதோ ஒரு கிரவுண்டில் மாட்டினால் ஐ.சி.க்கள் போய்விடக்கூடும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாகச் செலுத்தி, உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். ‘சட்’டென்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் தொடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த மின்னேற்றம் கொஞ்சம் திரும்பி வரும். ஃபில்டர் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கிறதா என்பதை மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். டியூபின் கழுத்துதான் அதன் மிக மெல்லிய இடம். நெக் போர்டைக் கழற்றும்போது நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். ஆட்டிப் பிடுங்கினால் கழுத்து உடைந்து, காற்று உள்ளே புகுந்து, டியூபின் ஆயுள் அத்துடன் முடிந்துவிடும். அடுத்தது, பல ஆர்கேட் சேசிஸ்கள் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே இயங்க வேண்டியவை. அது இல்லாமல் நேரடி மின்சாரத்தில் இணைத்தால் சேசிஸின் கிரவுண்டே மின்சாரத்தோடு கலந்துவிடும். பழைய கேபினட்டை யாரோ ஒருவர் ‘எளிமையாக்கி’ வைத்திருந்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

என்ன கோளாறு என்று பெயர் சொல்லுங்கள்

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் பார்த்து நிறக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. அசையாத சோதனைப் படம் வேண்டும். பல ஆர்கேட் போர்டுகளின் டெஸ்ட் மோடிலேயே கட்டக் கோடுகளும் நிறப் பட்டைகளும் இருக்கின்றன. இல்லாவிட்டால் ‘240பி டெஸ்ட் சூட்’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். கணினியோ பழைய கேம் கன்சோலோ மானிட்டரோடு இணைந்திருந்தால் அதுவே போதும். மானிட்டரை இருபது முப்பது நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு, முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்கள், கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான சாம்பல் படிகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முழுச் சிவப்புத் திரையில் ஓர் இடத்தில் மட்டும் ஆரஞ்சோ ஊதாவோ தெரிந்தால் அது பியூரிட்டி கோளாறு: ஒரு நிறத்துக்கான எலக்ட்ரான் கதிர் பக்கத்து நிறத்தின் பாஸ்பர் (கதிர் பட்டால் ஒளிரும் பூச்சு) மீது விழுகிறது. தனி நிறத் திரைகள் எல்லாம் சுத்தமாக இருந்து, வெள்ளைக் கட்டங்களின் கோடுகள் மட்டும் சிவப்பு, நீலம் என்று பிரிந்து தெரிந்தால் அது கன்வர்ஜென்ஸ் கோளாறு. மூன்று கதிர்களும் ஒரே புள்ளியில் கூடவில்லை. திரை முழுவதும் ஒரே சீராக ஒரு சாயல் ஏறியிருந்தால் அது நிறச் சமநிலைக் கோளாறு. ஒரு நிறம் அடியோடு இல்லாமல் போனால் சிக்னலோ நெக் போர்டோ காரணம்.

எந்த நிறம் காணவில்லை என்பதை வெள்ளைத் திரையே சொல்லிவிடும். வெள்ளை வெளிர்நீலப் பச்சையானால் சிவப்பு இல்லை. மெஜந்தாவானால் பச்சை இல்லை. மஞ்சளானால் நீலம் இல்லை.

இந்த வகைகளைக் கலக்காதீர்கள். காந்தத்தால் வந்த திட்டைப் பிரீசெட்டால் போக்க முடியாது. டிரான்சிஸ்டர் கோளாறுக்குக் காந்தம் அகற்றிப் பயனில்லை.

காந்தம்: முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான்

திரைக் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் ஷேடோ மாஸ்க் என்ற மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான துளைகள் அல்லது பிளவுகள். மூன்று கதிர்களும் ஒவ்வொரு துளையிலும் வெவ்வேறு கோணத்தில் நுழைவதால்தான் சிவப்புக் கதிர் சிவப்புப் பாஸ்பரையும் பச்சைக் கதிர் பச்சைப் பாஸ்பரையும் சரியாகத் தொடுகின்றன. இந்தத் தகட்டில் கொஞ்சம் காந்தம் ஏறினாலும் கதிர் வளைந்து பக்கத்து நிறத்தில் விழும். மூலையில் தெரியும் ஊதாவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காந்தம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக் கேபினட்டில் முதல் குற்றவாளி ஸ்பீக்கர்தான். அசல் ஸ்பீக்கர் கிழிந்துபோய், காரில் பொருத்துகிற பெரிய காந்தமுள்ள ஸ்பீக்கரைத் திரைக்கு மேலே மாட்டியிருப்பார்கள். அல்லது கீழே ஒரு சப்வூஃபரை வைத்திருப்பார்கள். போலிக் காசைப் பிடிக்கும் காந்தம் கொண்ட காசுப் பெட்டி, பக்கவாட்டில் ஒட்டிய அலங்காரக் காந்தம், மிக அருகில் நிற்கும் இன்னொரு கேபினட் ஆகியவையும் சந்தேகத்துக்குரியவையே. பூமியின் காந்தப்புலமும் கணக்கில் உண்டு. கேபினட்டை அறையின் வேறு சுவருக்கு மாற்றினாலோ, நிமிர்ந்த படம் கேட்கும் ஆட்டத்துக்காக மானிட்டரைத் தொண்ணூறு டிகிரி திருப்பினாலோ நிறத் திட்டு தோன்றுவது அதனால்தான்.

முதலில் மூலத்தை அகற்றுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி ஓரடி தள்ளிப் பிடித்தால் திட்டு நகர்கிறதா? நகர்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஷீல்டு செய்த ஸ்பீக்கருக்கு மாறுங்கள். மூலத்தை அப்படியே விட்டுவிட்டு மாஸ்கின் காந்தத்தை மட்டும் அகற்றினால், திட்டு மறுபடியும் வந்து உட்காரும்.

அடுத்து, டியூபைச் சுற்றிக் கறுப்பு நாடாவால் கட்டிய தடித்த வளையம் ஒன்று இருக்கும். அதுதான் டிகாஸ் காயில். மானிட்டரை ஆன் செய்யும்போது கேட்கும் ‘தும்’ என்ற சத்தம் அதனுடையது. பாசிஸ்டர் என்ற பாகம் குளிர்ந்திருக்கும்போது பெரிய மாற்று மின்னோட்டத்தை விட்டு, சூடேறச் சூடேற ஓரிரு நொடிகளில் அதைச் சுருக்கிவிடுகிறது. இப்படிப் படிப்படியாகத் தேயும் மாற்றுப் புலம்தான் மாஸ்கின் காந்தத்தை அழிக்கிறது. பாசிஸ்டர் மறுபடி குளிர இருபது நிமிடமாவது ஆகும். ஆகவே மானிட்டரை ஆன், ஆஃப் என்று திரும்பத் திரும்பத் தட்டுவது வீண்.

அந்தச் சத்தமே வரவில்லையா? காயிலின் பிளக் சேசிஸில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் கழற்றிவிட்டு மறந்திருப்பது சகஜம். மாட்டியிருந்தும் வேலை செய்யவில்லை என்றால் அந்தச் சுற்றுக்கான ஃபியூஸையும் பாசிஸ்டரையும் சோதியுங்கள். மாறாக, பாசிஸ்டர் கெட்டு மின்னோட்டத்தை முழுதாகச் சுருக்காமல் விட்டால், படம் ஓடும்போதே நிறம் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். காயிலின் பிளக்கை எடுத்ததும் நடுக்கம் நின்றால் பாசிஸ்டரை மாற்ற வேண்டும்.

உள்ளிருக்கும் காயிலால் போகாத திட்டுக்குக் கையில் பிடிக்கும் டிகாஸ் காயில் தேவை. அதைப் பயன்படுத்தும் வரிசை முக்கியம்:

1. மானிட்டரில் முழுச் சிவப்புத் திரையை வைத்துவிட்டு, ஸ்பீக்கர், ஹார்டு டிஸ்க், காந்தப் பட்டை அட்டை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தூரமாக வையுங்கள்.
2. இரண்டு மீட்டர் தள்ளி நின்று காயிலை ஆன் செய்யுங்கள். ஆன் செய்த பிறகே திரையை நெருங்குங்கள்.
3. திரைக்கு இணையாகப் பிடித்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாக வட்டமிடுங்கள். நிறங்கள் சுழன்று கொந்தளிக்கும், பயப்பட வேண்டாம்.
4. வட்டமிட்டபடியே பின்னால் நடந்து இரண்டு மீட்டர் வந்ததும், காயிலின் விளிம்பு திரையைப் பார்க்கும்படி திருப்பி, அதன்பின் அணையுங்கள்.

நாலாவதில்தான் பலர் தவறுகிறார்கள். திரைக்கு அருகில் வைத்தே பொத்தானை விட்டுவிட்டால், அந்த நொடியில் இருந்த புலம் மாஸ்கில் அப்படியே பதிந்து, முன்பைவிட மோசமான திட்டு உண்டாகும். உண்டானாலும் கவலை வேண்டாம். முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தால் போய்விடும். காயில் சீக்கிரம் சூடாகும் என்பதால் தொடர்ந்து அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். நிரந்தரக் காந்தத்தைத் திரையில் தேய்த்தால் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காந்தம் ஏறியது அப்படித்தான்.

இவ்வளவுக்கும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் திட்டு என்றால், யோக் (டியூபின் கழுத்தில் மாட்டி, கதிர்களைத் திரை முழுவதும் திருப்பும் காயில் தொகுதி) நகர்ந்திருக்கலாம். அல்லது எப்போதோ கீழே விழுந்து மாஸ்கே நெளிந்திருக்கலாம். முதலாவதற்கு வழி உண்டு, பின்னால் வருகிறது. இரண்டாவதற்கு இல்லை.

சிக்னல்: மானிட்டரைக் குற்றம் சொல்லும் முன்

சுலபமான சோதனையிலிருந்து தொடங்கலாம். சிவப்பு வரவில்லை என்று வையுங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, மானிட்டருக்குள் போகும் சிவப்பு, பச்சை ஒயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். இப்போது திரையில் சிவப்பு வந்து பச்சை காணாமல் போனால், மானிட்டர் நன்றாக இருக்கிறது, சிக்னல்தான் வரவில்லை. இப்போதும் சிவப்பே வரவில்லை என்றால் கோளாறு மானிட்டருக்குள். இந்த ஒரு சோதனை பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும். ஆனால் ஏனோ பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

சிக்னல்தான் காரணம் என்றால் ஆட்ட போர்டைக் கேபினட்டோடு இணைக்கும் ஜாமா கனெக்டருக்குப் போங்கள். 1985-இல் வந்த இந்தத் தரத்தில் 56 தொடுமுனைகள். பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 12-ஆவது முனை சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட். சாலிடர் பக்கத்தில் 12-ஆவது பச்சை, 13 சிங்க் (படத்தை நிலைநிறுத்தும் ஒத்திசைவு சிக்னல்). போர்டின் விளிம்பில் இருக்கும் தொடுமுனைகளை வெள்ளை ரப்பரால் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். கனெக்டருக்குள் இருக்கும் பட்டைகள் தளர்ந்து பின்வாங்கியிருந்தால் மெல்லிய ஊசியால் முன்னுக்கு நெம்புங்கள். கிரவுண்ட் ஒயரை மறக்க வேண்டாம். அது அரைகுறையாகத் தொட்டால் மூன்று நிறமும் சேர்ந்து தடுமாறும். பிரகாசமான உருவம் வரும்போதெல்லாம் பின்னணியின் நிறம் மாறும்.

குறிப்பிட்ட சில சாயல்கள் மட்டும் தவறாக இருந்தால் சந்தேகம் ஆட்ட போர்டின் மேல் திரும்ப வேண்டும். 1980-இல் வந்த பேக்-மேன் போர்டு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிறங்கள் 32 பைட் மட்டுமே கொண்ட ஒரு சிறிய புரோம் நினைவகச் சிப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு பைட்டிலும் சிவப்புக்கு மூன்று பிட், பச்சைக்கு மூன்று பிட், நீலத்துக்கு இரண்டே பிட். அந்த பிட்டுகள் 1 கிலோ ஓம், 470 ஓம், 220 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாகக் கூடி மானிட்டருக்கான வோல்ட்டாக மாறுகின்றன. நீலத்துக்கு 470-உம் 220-உம் மட்டும். 220 ஓம் ரெசிஸ்டரின் ஒரு கால் விட்டுப்போனால் அந்த நிறம் முழுதாக மறையாது. அதன் பிரகாசமான சாயல்கள் மட்டும் மங்கும். 1 கிலோ ஓம் போனால் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு மாற்றம். நிறப் பட்டைகளில் சில படிகள் மட்டும் இடறினால் மானிட்டரை விட்டுவிட்டு இந்த ரெசிஸ்டர் வரிசையைப் பாருங்கள். வேறொரு ஆட்ட போர்டை மாட்டியதும் நிறம் சரியானால் அதுவே போதிய சான்று.

கணினியை இணைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு. வி.ஜி.ஏ. வெளியீடு தருவது 0.7 வோல்ட், ஆர்கேட் போர்டுகள் அதைப் போலப் பல மடங்கு தருகின்றன. நேரடியாக இணைத்தால் படம் மங்கி, நிறங்கள் செத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சேசிஸின் பிரீசெட்டுகளை ஏற்றுவது தவறான மருந்து. இடையில் ஒரு வீடியோ ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கணினியின் வீடியோ அமைப்பில் நிற அளவு 16 முதல் 235 வரை என்று சுருங்கியிருக்கிறதா என்று பார்த்து, 0 முதல் 255 வரை என்று மாற்றுங்கள். படம் முழுக்கப் பச்சைச் சாயல் அடித்தால், பச்சையோடு சிங்க்கும் சேர்ந்து வருகிற வெளியீட்டை அதைப் பிரிக்கத் தெரியாத மானிட்டரில் மாட்டியிருக்கலாம்.

நெக் போர்டு

கோளாறு மானிட்டருக்குள் என்று உறுதியான பிறகே இங்கே வருகிறோம். டியூபின் வாலில் சொருகியிருக்கும் சிறிய போர்டு இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் பொதுவாக இதில்தான் இருக்கும். சிவப்புக்கு என்னென்ன பாகங்களோ அதேதான் பச்சைக்கும் நீலத்துக்கும். ஒன்று கெட்டால் மற்ற இரண்டையும் வைத்து ஒப்பிடலாம். சர்க்யூட் வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கும் இரண்டு வரிசைகளே வரைபடம்.

முதலில் சாலிடர். ஆண்டுக்கணக்காகச் சூடேறிக் குளிர்ந்த போர்டில், டியூப் சாக்கெட்டின் பின்களையும் சிக்னல் உள்ளே வரும் பின்களையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு விரிசல் தெரிந்தால் அதுதான் டிரை சாலிடர். கேபினட்டைத் தட்டினால் நிறம் வந்து போகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலேயே இன்னும் கொஞ்சம் பூசுவது அடுத்த மாதத்துக்கு வேலை வைப்பது.

அடுத்து வோல்ட். மானிட்டரை ஓடவிட்டு, ஒரே கையால், கறுப்புத் திரையில் மூன்று டிரான்சிஸ்டர்களின் கலெக்டர் காலையும் அளந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே கணக்கு தலைகீழ்: கலெக்டர் வோல்ட் குறைந்தால் அந்த நிறம் அதிகரிக்கும், கூடினால் நிறம் குறையும். ஒரு நிறம் திரை முழுவதும் கொழுந்துவிட்டு எரிந்து, சாய்ந்த மெல்லிய கோடுகளும் தெரிந்தால், அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது அதற்கு வோல்ட் தரும் பெரிய ரெசிஸ்டர் திறந்துபோயிருக்கலாம். நிறமே இல்லாமல் வோல்ட் உச்சத்தில் நின்றால் டிரான்சிஸ்டர் இயங்கவில்லை.

கெப்பாசிட்டர்களைப் பற்றி ஒரு சொல். எல்லா நோய்க்கும் ‘எல்லா எலக்ட்ரோலிடிக்கையும் மாற்று’ என்பதே மருந்து என்று ஒரு நம்பிக்கை பரவிக்கிடக்கிறது. பழைய சேசிஸில் அவற்றை மாற்றுவது நல்லதுதான். உருவங்களின் வலப்பக்கம் நிறம் இழுபடுவது, படத்தில் அகலமான பட்டை ஊர்ந்து போவது போன்றவற்றுக்கு அவை காரணமாகலாம். ஆனால் ஒரு நிறம் மட்டும் காணாமல் போனதற்கு முப்பது கெப்பாசிட்டரை மாற்றுவது, வியாதி இல்லாத இடத்தில் கத்தி வைப்பதே. மாற்றும்போது 105 டிகிரி வகையையே போடுங்கள்; துருவம் மாறாமல் பாருங்கள்.

நிறச் சமநிலை

இப்போதுதான் பிரீசெட்டுகளுக்கு முறை வருகிறது. தொடும் முன் ஒவ்வொன்றும் நிற்கும் நிலையைப் படமெடுத்து, மெல்லிய மார்க்கரால் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரையே பயன்படுத்துங்கள். கேபினட்டின் முன்னால் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், பின்னாலிருந்து திருகிக்கொண்டே திரையைப் பார்க்கலாம். எட்டி எட்டிப் பார்க்கும்போதுதான் கை தவறான இடத்தில் படுகிறது.

நெக் போர்டில் கட்-ஆஃப் என்று மூன்று பிரீசெட்டுகள் இருக்கும். இவை இருண்ட பகுதியின் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. டிரைவ் என்று இரண்டோ மூன்றோ இருக்கும். இவை பிரகாசமான பகுதிக்கு. உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு குமிழ்கள்: ஒன்று ஃபோகஸ், மற்றொன்று ஸ்க்ரீன்.

1. சாம்பல் படிகளைத் திரையில் வைத்து, டிரைவ் அனைத்தையும் நடுவிலும் கட்-ஆஃப் மூன்றையும் குறைந்தபட்சத்திலும் வையுங்கள்.
2. ஸ்க்ரீன் குமிழைக் குறைத்து இருட்டாக்கி, பிறகு மிக மெதுவாக ஏற்றுங்கள். ஏதோ ஒரு நிறம் மட்டும் மங்கலாக எட்டிப்பார்க்கும். அங்கேயே நிறுத்துங்கள்.
3. முதலில் வந்த நிறத்தின் கட்-ஆஃபைத் தொடாமல், மற்ற இரண்டையும் ஏற்றி, மிக இருண்ட படி நிறமற்ற சாம்பலாகும்வரை கொண்டுவாருங்கள்.
4. இப்போது பிரகாசமான படியைப் பார்த்து, டிரைவால் வெள்ளையைச் சரிசெய்யுங்கள்.
5. டிரைவை மாற்றினால் இருண்ட பக்கம் கொஞ்சம் நகரும். மூன்றையும் நாலையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

ஐந்தாவதுதான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு சுற்றில் முடிந்தால் அதிர்ஷ்டம். ஸ்க்ரீனை அளவுக்கு மீறி ஏற்றினால் கறுப்பு சாம்பலாகி, மேலிருந்து கீழாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரியும், உடனே குறையுங்கள். பி-பிளஸ் (சேசிஸின் முதன்மை வோல்ட்) என்று குறித்த பிரீசெட்டை நிறத்துக்காகவோ படத்தின் அளவுக்காகவோ தொடாதீர்கள். அது உயர் மின்னழுத்தத்தையும் சேர்த்து ஏற்றும். மின்னழுத்தம் எல்லை மீறினால் டியூபிலிருந்து எக்ஸ் கதிர் வெளிப்படும் அளவும் கூடும்.

பியூரிட்டி, கன்வர்ஜென்ஸ்

இந்தப் பகுதிக்கு வராமலே வேலை முடிந்தால் மகிழ்ச்சி. டியூபைத் தொழிற்சாலையில் ஒருமுறை சரிசெய்து, வளையங்களைப் பெயின்ட் தடவிப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பெயின்ட் உடையாமல் இருந்தால் வளையங்கள் நகரவில்லை என்று அர்த்தம், அவற்றை விட்டுவிடுங்கள். ஆனால் யோக்கை விளிம்பில் தாங்கும் ரப்பர் ஆப்புகளின் பசை காய்ந்து, ஆப்பு நழுவிவிடுவது உண்டு. கேபினட்டின் அடித்தளத்தில் தூசியோடு ஒரு கறுப்பு முக்கோண ரப்பர் கிடந்தால், மூலைகளில் கோடுகள் பிரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. முதலில் யோக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஆப்பைத் திரும்பச் சொருகிப் பாருங்கள்.

யோக் முழுவதுமே நகர்ந்திருந்தால் முதலிலிருந்து செய்ய வேண்டும். டிகாஸ் செய்து, அரை மணி நேரம் சூடேற்றி, பச்சையை மட்டும் திரையில் வையுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, ஆப்புகளை எடுத்து, யோக்கைக் கழுத்தின் பக்கமாகப் பின்னுக்கு இழுங்கள். திரையின் நடுவில் பச்சைப் பட்டையும் இருபுறமும் வேறு நிறங்களும் தெரியும். இரட்டைத் துருவ வளையங்களால், அதாவது பியூரிட்டி வளையங்களால், பச்சைப் பட்டையைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு யோக்கை மெல்ல முன்னுக்குத் தள்ளினால் பட்டை விரிந்து ஒரு கட்டத்தில் திரை முழுவதும் ஒரே பச்சையாகும். சிவப்பையும் நீலத்தையும் அதே போல் பாருங்கள். படம் சாயாமல் நிமிர்த்தி, கிளாம்பை இறுக்குங்கள்.

கன்வர்ஜென்ஸ் அடுத்தது. கழுத்தில் ஜோடி ஜோடியாக மூன்று வளையத் தொகுதிகள்: இரண்டு துருவம், நான்கு துருவம், ஆறு துருவம். எந்த ஜோடி எது என்பது தயாரிப்புக்குத் தக்கபடி மாறும். லேசாக அசைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். சிவப்பும் நீலமும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் நான்கு துருவம். இரண்டும் சேர்ந்தே ஒரே திசையில் நகர்ந்து பச்சை அசையாமல் நின்றால் ஆறு துருவம். ஜோடியின் வளையங்களில் துருத்தி நிற்கும் இரண்டு காதுகளுக்கு இடையேயான கோணத்தை அகட்டினால் நகரும் தூரம் கூடும். இரண்டையும் சேர்த்துச் சுழற்றினால் திசை மாறும். திரையின் நடுவை மட்டும் பார்த்து, நான்கு துருவத்தால் சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக்கி மெஜந்தா கோடாக்குங்கள். ஆறு துருவத்தால் அந்த மெஜந்தாவைப் பச்சையின் மேல் ஏற்றுங்கள். வெள்ளைக் கோடு கிடைக்கும்.

விளிம்புகளுக்கு வளையங்கள் உதவாது. யோக்கின் முன்பக்கத்தை மேல்கீழாகவும் இடவலமாகவும் மயிரிழை சாய்த்து, கோடுகள் கூடும் இடத்தில் ஆப்புகளைச் சொருகி ஒட்டுங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் பிடிவாதமாக நின்றால், யோக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே காந்தப் புலத்தைச் சற்று வளைக்கும் கன்வர்ஜென்ஸ் பட்டையைச் சொருகி நகர்த்திப் பார்க்கலாம். நடுவில் கச்சிதம், ஓரங்களில் சிறு விலகல் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடும் தூரத்தில் நின்று பார்த்துத் தெரியாத விலகலுக்காக இரவு முழுக்க ஆப்பு நகர்த்துவது அறிவுடைமை ஆகாது. புதிதாக வந்தபோதும் மூலைகள் இந்த அளவில்தான் இருந்தன.

டியூபே தளர்ந்திருந்தால்

ஒரு நிறம் ஆன் செய்து பல நிமிடம் கழித்தே மெல்ல வருகிறதா? பிரகாசத்தைக் கூட்டினால் அந்த நிறம் மட்டும் வலப்பக்கம் வழிந்து பூசியது போல் ஆகிறதா? அந்த நிறத்துக்கான எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு தேய்ந்திருக்கிறது. முதலில் கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டரின் 6.3 வோல்ட் சரியாக வருகிறதா என்றும், டியூப் சாக்கெட்டின் ஹீட்டர் பின்களில் சாலிடர் நன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை சரி என்றால் ரிஜுவனேட்டர் என்ற கருவியால் கேத்தோடுக்கு உயிரூட்டலாம். சில டியூபுகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடும். சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பும். ஒரு சில அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் முயலுங்கள்.

ஒரு நிறம் திடீரென்று முழுப் பிரகாசத்துக்குப் போய், நெக் போர்டில் எல்லாம் சரியாகவே இருந்தால், டியூபுக்குள் ஹீட்டரும் கேத்தோடும் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். குளிர்ந்த நிலையில் ஓம் மீட்டருக்கு இது பெரும்பாலும் அகப்படாது. சூடேறிய பின்பே தொடும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: ஹீட்டரைச் சேசிஸிலிருந்து முழுவதுமாகத் துண்டித்து, ஃப்ளைபேக்கின் ஃபெரைட் கருவில் இன்சுலேஷன் நன்றாக உள்ள ஒயரை ஓரிரு சுற்று சுற்றி, அதிலிருந்தே ஹீட்டருக்கு மின்சாரம் தருவது. அந்த வோல்ட்டைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. ஆகவே ஒரு சுற்றில் தொடங்கி, ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி முன்பு இருந்ததைவிடக் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று டியூப் தேடுவதென்றால் திரையின் அளவு மட்டும் பொருந்தினால் போதாது. கழுத்தின் பருமன், சாக்கெட்டின் பின் அமைப்பு, ஹீட்டர் வோல்ட், திரும்பு கோணம் ஆகியவை ஒத்திருக்க வேண்டும். யோக்கின் கிடைக் காயிலையும் செங்குத்துக் காயிலையும் மல்டிமீட்டரால் அளந்து, பழையதன் ஓம் அளவுகளோடு ஒப்பிடுங்கள். கிடைக் காயிலின் ஓம் மிகச் சிறியது என்பதால், முடிந்தால் அதன் இண்டக்டன்ஸையும் அளந்துவிடுவது நல்லது. பழைய தொலைக்காட்சியிலிருந்து எடுத்த டியூப் அதன் சொந்த யோக்கோடு வந்து, அந்த அளவுகளும் சேசிஸுக்குப் பொருந்தினால், யோக்கைக் கழற்றாமல் அப்படியே மாற்றுங்கள். பியூரிட்டி வேலையும் கன்வர்ஜென்ஸ் வேலையும் மிச்சம்.